முகத்துவாரத்தில் ஒரு தீவு

தீவு என்ற சொல்லை எங்கள் தலைமுறையைப் போல் ஊதாரித்தனமாகச் செலவழித்தவர்கள் தமிழில் வேறு எவரும் இருக்க முடியாது. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, 1970இல் வந்த ‘கசடதபற’, அதற்குப் பிறகு நாலைந்து இதழ்களோடு மூச்சு நின்றுபோன எத்தனையோ ஏடுகள் – எதைப் புரட்டினாலும் யாராவது ஒருவர் தனித்த தீவாக நின்றுகொண்டிருப்பார் என்றுதான் என் ஞாபகம் சொல்கிறது. ஆபீஸில் தீவு, பஸ் நெரிசலில் தீவு, மனைவிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் தீவு. நானும் எழுதியிருக்கிறேன். என் கணக்கில் நான்கு தேறும். எழுதியவர்களில் அநேகமாக யாரும் ஒரு தீவில் காலை வைத்ததில்லை. அது ஒரு குறை என்று எங்களில் எவருக்கும் தோன்றியதும் இல்லை. தீவு எங்களுக்கு மனநிலை; மண் அல்ல.

இதை ஒரு சாயங்காலம் பெசன்ட் நகரில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை போட்டு உடைத்தார். நாங்கள் நாலு பேர். இரண்டு தொகுப்புகள் போட்ட, மூன்றாவதைப் போட மறுக்கும் திருநெல்வேலிக் கவிஞர் ஒருவர். எல்லாச் சிறுபத்திரிகைகளுக்கும் சந்தா கட்டி எதிலும் ஒரு வரிகூட எழுதாத வங்கி நண்பர். விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற இந்த அம்மாள். பிறகு நான். கவிஞர் தம் பழைய கவிதை ஒன்றை ஞாபகத்திலிருந்து சொன்னார். அதில் தீவு இருந்தது, அதன்மேல் ஒரு பறவையும் இருந்தது. ஆசிரியை கேட்டார்: “எந்தப் பறவை?”

கவிஞர் விழித்தார். “பறவைதான்.”

“பறவைதான்னு ஒரு பறவை கிடையாது சார். சரி, எந்தத் தீவு?”

இப்படித்தான் எங்கள் உல்லாசப் பயணம் தீர்மானமாயிற்று. முதலில் அந்தமான் என்றார் வங்கி நண்பர். செலவைக் கேட்டதும் மற்றவர்கள் மௌனமானோம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் அதுபோல் 21 தீவுகள் உண்டு, அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக்கினார்கள் என்று ஆசிரியை சொன்னார். அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன என்றும் சொன்னார். பவளப் பாறைகளைக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டாம். கவிஞர் இதைக் கேட்டு ஏதோ யோசித்தார். முழுகிப்போன தீவு இன்னொரு கவிதைக்கு ஆகும் என்று நினைத்திருக்கக்கூடும். கடைசியில் அவருடைய முழங்கால் வலி ராமேஸ்வரம் ரயிலை ஒப்புக்கொள்ளவில்லை. “இங்கேயே ஒன்று இருக்கிறது, ஊரூர் குப்பத்திலிருந்து போய்விடலாம்” என்றார் ஆசிரியை. அடையாற்று முகத்துவாரத்தில், தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்துக்குப் பின்புறம் கிடக்கும் சேற்றுத் திட்டுகளைத்தான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் தீவு. அந்த வரையறை எனக்கும் சரியாகத்தான் பட்டது.

2025 ஜனவரி. விடிவதற்கு முன்பே குப்பத்துக்குப் போய்விட்டோம். ஊரூர் ஒல்காட் குப்பம் என்று சேர்த்துச் சொல்கிறோமே தவிர, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் அடுத்தடுத்த இரண்டு. முதல் பெயர் ஊர் என்பதையே இரண்டு முறை சொல்கிறது. இரண்டாவது பெயர், தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை 1882இல் அடையாற்றுக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கர்னலுடையது. பெசன்ட் நகரோ இவற்றுக்கெல்லாம் இளையது, அதுவும் ஒரு தியசாபிஸ்ட் அம்மையாரின் பெயர். நகரத்தார் எலியட்ஸ் கடற்கரைக்கு வந்து ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பும் இடத்திலிருந்து குப்பம் கூப்பிடு தூரம். நான் இந்தப் பக்கத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் குடியிருக்கிறேன். குப்பத்துக்குள் நடந்து போனது விரல் விட்டு எண்ணும் தடவைகள்தான். 2015இல் டி. எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்துக்காரர்களோடு சேர்ந்து அங்கே இசை விழா ஒன்றைத் தொடங்கியபோது ஒரு நாள் போனேன். பாட்டு கேட்டேன், திரும்பினேன்.

படகுக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஆசிரியைக்கு முன்பே பரிச்சயமானவர். அவரை ‘டீச்சரம்மா’ என்றும் எங்களைப் பொதுவாக ‘சார்’ என்றும் கூப்பிட்டார். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கவிஞர் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஜோல்னாப் பையும் கழுத்தில் மஃப்ளருமாக வந்திருந்தார். சிரிப்பில் நியாயம் இருந்தது.

ஆறு கடலில் சேரும் இடத்துக்கு மணலோடு வடக்கே நடக்க வேண்டும். அந்த நடையில்தான் ஆமைகளைப் பார்த்தோம். முதலில் ஒன்று. கவிழ்த்துப் போட்ட கூடை என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். கழுத்து வீங்கியிருந்தது. கண்கள் இருந்த இடத்தில் காகங்கள் வேலையை முடித்திருந்தன. இருபது முப்பது அடியில் இன்னொன்று, அதற்கப்பால் மூன்றாவது. அந்த மாதம் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின, பத்திரிகைகளில் படித்திருந்தேன். படித்ததற்கும் இந்த நாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. இழுவை வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகிறது. ஆமைக்கு நுரையீரல் என்பதை ஆசிரியை எங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்பது விதி. விதி இருக்கிறது, ஆமைகளும் ஒதுங்குகின்றன.

படகுக்காரர் ஆமைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். “குட்டியம்மா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மேற்கொண்டு நடக்கும்போது நான் கேட்டதற்கு, பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வலையில் உயிரோடு வந்தால் கும்பிட்டு விட்டுவிடுவார்கள் என்றார். பங்குனி ஆமை என்றும் பெயர் உண்டு. தை மாதத்திலேயே வரத் தொடங்கினாலும் பங்குனியில்தான் கூட்டமாகக் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறுக்கு மேல். பேராமை வேறு, அழுங்காமை வேறு. அவை இந்த மணலுக்கு வருவதில்லை. கரையேறும் ஆமையின் பெயரில் ஒரு மாதமே இருக்கிறது என்பதை என் அறுபத்தெட்டாவது வயதில்தான், அதுவும் செத்த ஆமைக்குப் பக்கத்தில் நின்றுதான், அறிந்துகொண்டேன்.

முகத்துவாரத்தில் அந்த உடைந்த பாலம் நிற்கிறது. குப்பத்து மக்கள் ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போவதற்காக 1967இல் கட்டினார்கள். 1977இல் வெள்ளம் ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று. பத்து வருஷம் பாலமாக இருந்துவிட்டு, மிச்சமுள்ள காலமெல்லாம் சினிமாக்காரர்களுக்கும் காதலர்களுக்கும் பின்னணியாக இருக்கிறது. மறுபடி கட்டலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுந்து அடங்கும். அதை மனமுறிவுக்குப் படிமமாக உபயோகித்த மூன்று கவிதைகளாவது எனக்குத் தெரியும். யாருக்காகக் கட்டினார்கள் என்று அந்த மூன்றிலும் இல்லை.

பாலத்துக்கு உட்புறம் ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. எஞ்சின் இல்லை. மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு போனார். “தண்ணி வத்தறதுக்குள்ள போய்ட்டு வந்துடணும் சார். வத்திட்டா படகு தரை தட்டிடும், அப்புறம் நாம எல்லாரும் கொக்கு மாதிரி நிக்க வேண்டியதுதான்.” ஆற்றின் வாசனையைப் பற்றி நாசூக்காகச் சொல்ல வழியில்லை. அது சாக்கடை. ஆனால் கடல் ஏறி உள்ளே வரும் இடத்தில் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. கறுப்புக்குள் ஒரு பச்சை நுழைந்துகொண்டிருந்தது. வடபுறம் குயிபிள் தீவு. இன்று அது தீவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுக்குமாடிகள், ஒரு கல்லறைத் தோட்டம். 1746 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்கள் சில நூறு பேர் இந்த ஆற்றைக் கடந்து ஆற்காட்டு நவாபின் பெரும்படையை அங்கேதான் சிதறடித்தார்கள். வங்கி நண்பர் இதை விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினார். பிரெஞ்சுத் தளபதி பாரதியின் பெயர் வந்ததும் கவிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘பாரதி’ அல்ல, ‘பாரதீஸ்’ என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

தீவு ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் அளவுகூட இல்லை. ஓரத்தில் உமரி, நடுவில் கொஞ்சம் அலையாத்தி, அலையாத்தியை நெருக்கிக்கொண்டு சீமைக் கருவேலம். கரைத்த பிள்ளையாரின் மரச்சட்டம் ஒன்று, இரண்டு ஹவாய்ச் செருப்புகள், எண்ணிலடங்காத பாலித்தீன். நாங்கள் இறங்கினோம். கவிஞர்தான் முதலில், தீவு கண்டவர் என்ற உரிமையோடு. இரண்டாவது அடியில் முழங்கால்வரை உள்ளே போய்விட்டார்.

“வேர் இருக்கற எடமா பாத்து வைங்க சார்! சேத்துல வெக்காதீங்க!”

படகுக்காரரும் நானும் அவரை இழுத்தோம். கால் வந்தது, செருப்பு வரவில்லை. இத்தனை வருஷ நட்பில் அவர் அவ்வளவு மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. “தீவுக்குப் பிடிமானம் கிடையாது ஓய், எழுதி வச்சுக்கும்” என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை. ஆசிரியை பைனாகுலரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். சிவந்த நூல்களின்மேல் நிற்பது போல நெடுங்கால் உள்ளான்கள். சேற்றின்மேல் தையல் எந்திரம் ஓடுவது போல் குத்திக்கொண்டே ஓடிய கொசு உள்ளான்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பிராணி வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. சாம்பல் நாரை ஒன்று ஏதோ ஒரு கமிட்டிக்குத் தலைமை தாங்குவது போல நின்றது. ஆலாக்கள் தலைகீழாக விழுந்து எழுந்தன. அலையாத்திக்குள் வக்காக்கள் பகலுக்காகத் தூங்கப் போயிருந்தன. காலடியில் நண்டுகள்: ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிது, அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆண்கள் மட்டும்தான் அப்படியாம். நிழல் விழுந்ததும் ஆயிரம் வளைகளிலும் ஒரே சமயத்தில் மறைந்தன. தண்ணீர் விளிம்பில், துடுப்புகளால் தரையை ஊன்றித் தாவும் மீன்கள், தலைக்கு மேல் கண்களோடு.

பழைய நெய்தல் பாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது என்பது ஒன்றும் புதிய செய்தியல்ல. அலவன் என்று நண்டு வரும், அடும்பு மணலில் படரும், நாரைக்கு நிறமும் நோயும் பசியும்கூட உண்டு. நாங்கள் அந்த மரபை உதறினோம். உதறியதற்குக் காரணங்கள் இருந்தன, இப்போதும் அவை எனக்கு நியாயமாகவே படுகின்றன. பண்டிதர்கள் கையில் அந்தப் பெயர்கள் உரையாசிரியரின் விளக்கத்துக்கு மட்டுமே உயிர்வாழ்ந்தன. அவர்களும் நண்டைப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? அவர்கள் பார்க்காமல் பெயர் சொன்னார்கள் என்பதற்காக, நாங்கள் பார்க்காமல் பெயரையும் விட்டோம். எஞ்சியது ‘ஒரு பறவை’.

இந்த மண்ணுக்கே உரியது எது என்று வங்கி நண்பர் கேட்டார். எளிய கேள்விதான். பதில் அப்படி இல்லை. உள்ளான் வடதுருவத்துக்காரன், மாசி பங்குனியில் போய்விடுவான். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, போகவே போகாது. படகுக்காரர் பேச்சோடு பேச்சாக வீச்சு வலையை ஒரு முறை விரித்து இழுத்தார். எட்டுப் பத்து ஜிலேபி மீன்கள். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும். “மொதல்ல இங்க மடவ வரும் சார், கெழங்கான் வரும், எறா அள்ளலாம். எங்கப்பா ஆத்துலயே பொழச்சாரு. இப்ப இதுதான். இத நாங்க துன்றதில்ல.” தண்ணீருக்குத் தென்புறம் தியசாபிகல் தோட்டத்து மரங்கள் தெரிந்தன, அங்கே இருப்பவையும் உலகமெங்கிலுமிருந்து வந்தவை. 2015 டிசம்பரில் இந்த ஆறு பெருகி நகரத்தை முழுக்கியபின் கரையோரத்துக் குடும்பங்களைக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்து அடுக்குகளில் வைத்தார்கள். இந்த மண்ணுக்கு உரியவர்கள் பட்டியலை அரசாங்கமும் ஒரு பக்கம் திருத்திக்கொண்டிருக்கிறது.

திரும்பும் முன் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்தோம். அப்போது ஆசிரியை சதீஷ் பாஸ்கரைப் பற்றிச் சொன்னார். சென்னைக்காரர்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய பெயர், எனக்குத் தெரியாது. ஐ.ஐ.டி.யில் படிப்பைக் கோட்டைவிட்டுக் கடலுக்குள் போனவர். கிண்டிப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களோடு எழுபதுகளில் இந்தக் கரையிலேயே இரவில் ஆமைத் தடம் தேடி நடந்தவர்களில் ஒருவர். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை நடப்பது அந்தத் தடத்தில்தான். இந்தியாவின் கடற்கரையைப் பல்லாயிரம் கிலோமீட்டர் கால்நடையாகவே அளந்தார். பேராமை மழைக்காலத்தில்தான் முட்டையிட வருகிறது என்பதற்காக, 1982இல் லட்சத்தீவின் சுஹேலியில், மனிதர் யாரும் இல்லாத ஒரு தீவில், மழைக்காலம் முழுக்கத் தனியாக இறங்கினார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு வராது, திரும்ப நினைத்தாலும் முடியாது. அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் அதைத் தபாலில் சேர்த்தார். எறிந்த இருபத்து நாலாம் நாள் கடிதம் மனைவியின் கையில் இருந்தது. சதீஷ் பாஸ்கர் 2023இல் காலமானார்.

கவிஞர் காபியைக் கீழே வைத்துவிட்டார். “எண்பத்திரண்டா?” என்றார். “எண்பத்திரண்டில்தான் நான் ‘தீவின் கடிதம்’ எழுதினேன்.” அந்தக் கவிதையை வெளியிட்டவன் நான். அதில் கடிதம் யாருக்கும் போய்ச் சேராது. அதுதான் அதன் தரிசனம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

படகில் ஏறினோம். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டே கடல் பக்கம் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வங்கி நண்பர், நாளைக்குக் கடலுக்குப் போவீர்களா என்று கேட்டார்.

“போவணும் சார். வாட விட்டுப்போச்சு. இனிமே கொண்டல் புடிக்கும். தண்ணியும் மாறுது, வன்னி தளந்து தெண்டி வர ஆரம்பிச்சிருச்சு.”

நான் அவரை மறுபடி சொல்லச் சொன்னேன்.

“தெண்டி சார். தெக்க இருந்து வடக்க ஓடற தண்ணி. வடக்க இருந்து தெக்க ஓடுனா வன்னி. வல எந்தப் பக்கம் போவும்னு அத வெச்சுத்தான.”

1981 என்று நினைக்கிறேன். எங்கள் பத்திரிகைக்கு வந்த தபாலில் ஒரு நோட்டுப் புத்தகத் தாள். முழுக்கக் காற்றுகளின் பெயர்கள், நீரோட்டங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு வரி. அடுப்பு எரியுமா, அப்பா குடித்துவிட்டு வருவாரா, அக்கா கூடையோடு எங்கே போவாள். அனுப்பியவன் முகவரி ஊரூர் குப்பம். பெயர் எனக்கு ஞாபகமில்லை. இதை எழுதும்போது அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது, ஏனென்றால் அந்த இதழில் வந்த மற்ற எல்லோருடைய பெயரும் எனக்கு ஞாபகமிருக்கிறது. தேர்வு செய்யும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ‘பட்டியல் கவிதையாகாது. தகவல்களைக் கடந்து அனுபவத்தின் சாரத்துக்குப் போக முயலுங்கள்.’ கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘எழுத்துப் பிழைகளைக் கவனியுங்கள். தென்றலைத் தெண்டி என்று எழுதியிருக்கிறீர்கள்.’ தாளை அவனுக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை. தபால்தலை வைத்து அனுப்பினால்தான் திருப்பி அனுப்புவது என்பது எங்கள் நிபந்தனை.

அது நல்ல கவிதைதானா? இன்று பச்சாதாபத்தில் ஆம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்ல மாட்டேன். பெயர்களை அடுக்கினால் கவிதையாகிவிடும் என்ற கட்சிக்கு இப்போதும் நான் இல்லை. சமீப காலமாக அந்தப் பாணியில் வருபவற்றைப் படித்து அலுத்தும் இருக்கிறேன். ஆனால் அந்த வரிகளை நான் படிக்கவே இல்லை. சொல் தெரியாதவன் எப்படிப் படித்திருக்க முடியும்? எனக்குத் தெரியாத சொல் எல்லாம் பிழை என்று தீர்மானித்திருந்தேன். அந்த இதழில் தீவு மூன்று கவிதைகளில் வந்தது. ஒருவருக்கும் நான் எழுத்துப் பிழை என்று கார்டு போடவில்லை.

படகுக்காரரிடம் கேட்டேன். எண்பதுகளில் குப்பத்தில் எழுதுகிற பையன் யாராவது இருந்தானா?

“எழுதறதுன்னா?”

“கவிதை மாதிரி.”

அவர் யோசித்தார். “மன்றத்து போர்டுல அழகா எழுதுவாங்க சார், ரெண்டு மூணு பேரு. கவிதையெல்லாம் தெரியல. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும்.” பிறகு, எனக்கு உதவவேண்டும் என்ற எண்ணத்தில், அந்த வயசு அண்ணன்களில் யார் யார் எங்கே போனார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் துபாய். ஒருவர் லாரி ஆபீஸ். இரண்டு பேர் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். சிலர் இல்லை. அவர்களில் யாராகவும் இருக்கலாம், யாராக இல்லாமலும் இருக்கலாம்.

கவிஞர் இதற்குள் நோட்டை எடுத்துவிட்டார். காலில் ஒற்றைச் செருப்பு. திட்டில் நின்ற பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று படகுக்காரரைக் கேட்கத் தொடங்கினார். ஆலாவுக்குச் சொன்னார், நாரைக்குச் சொன்னார். கருடனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தச் செங்கால் நெட்டையனிடம் வந்ததும் கையை விரித்துவிட்டார்.

“அதுவும் உள்ளான்தான் சார். அதுக்கு மேல பேரு கெடையாது. அது மீன் காட்டாதே, அதுக்கு எதுக்குப் பேரு?”

கவிஞருக்கு ஏமாற்றம். ஆசிரியைக்குச் சிரிப்பு. அவருக்கு அந்தப் பறவையின் லத்தீன் பெயர்வரை தெரியும், வன்னியும் தெண்டியும் அவர் அன்றுதான் கேட்டார்.

பாலத்தடியில் இறங்கினோம். பணம் கொடுத்தபோது பேசியதைவிட அதிகம் என்று ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நான் சட்டைப் பையிலிருந்த காபிக் கடை ரசீதின் பின்புறம் அந்தச் சொல்லை எழுதினேன். இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தத் தாளில் எப்படி இருந்தது என்பதுதான் என்னிடம் உள்ள ஒரே அத்தாட்சி. அவரிடம் நீட்டி, சரியா என்று கேட்டேன்.

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“கண்ணாடி வூட்ல கீது சார். நீங்களே படிங்க.”

படித்தேன்.

“அதான்” என்று சொல்லிவிட்டு, ஜிலேபி மீன்களைக் காகங்களுக்கு எறிந்தபடி, ஆமைகள் கிடந்த பக்கமாகவே திரும்பிப் போனார்.